கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா, அந்தியேட்டி என்று எதை எடுத்தாலும் யாழ்ப்பாணத்தில் இப்போது நேரலை இல்லாமல் நடப்பது குறைவு. கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் உறவுகள் அந்தத் திரையின் வழியாகத்தான் முற்றத்தில் வந்து நிற்கிறார்கள். நம் ஸ்ரூடியோக்களின் படப்பிடிப்பும் வெளிச்ச அமைப்பும் எந்த ஊருக்கும் சளைத்தவை அல்ல. ஆனால் ஆட்களின் பெயரும் ஊரும் எழுதிய பெயரட்டை திரைக்கு வரும்போது முகம் சுழிக்க வேண்டியிருக்கிறது. 'கொக்குவில்' என்ற பெயர் எழுத்தெழுத்தாக ஓடிவரும்போது ஒற்றைக் கொம்பு முன்னால் வந்து தனியே நிற்கிறது. பிறகு ககரம் வருகிறது. அதற்குப் பிறகு அரவு (ா) வந்து ஒட்டுகிறது. ஊர்ப்பெயர் ஒன்று ஒரு விநாடி நேரம் சிதைந்து கிடந்துதான் சேர்கிறது.

இதை மென்பொருளின் குறையென்று பலர் நினைக்கிறார்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் போன்ற தொழில்முறை அசைவு வரைகலை மென்பொருள்களில் தமிழை ஒழுங்காக அசைப்பதற்கு வேண்டியவை இருக்கின்றன. அவை மெனுக்களுக்குள் இரண்டு மூன்று படி ஆழத்தில் கிடக்கின்றன. நம் ஊரில் நடக்கும் பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் முன்பே செய்து வைத்த அசைவு மாதிரியான ரெம்பிளேற் ஒன்றைத் திறந்து பெயரை மாற்றுவதோடு முடிந்துவிடுகின்றன. அந்த ஆழத்து விடயங்களைத் தொழில் செய்வோருக்கும், படிப்பிப்போருக்கும், காசு கொடுத்து வேலை வாங்குவோருக்கும் சேர்த்துச் சொல்லவே இக்கடிதம். சற்று நீளும். இடம் தருவீர்கள் என நம்புகிறேன்.

முதற் காரணம் பாமினி. நம் அச்சகங்களைப் பல்லாண்டு சுமந்த எழுத்துரு அது. அதன் வடிவில் குறையில்லை. ஆனால் பாமினியில் தட்டிய எதுவும் கணினியைப் பொறுத்தவரை தமிழ் அல்ல. 'தமிழ்' என்று நாம் பார்க்கும் இடத்தில் உள்ளே இருப்பவை ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். 'கொ' என்பது என், எஃப், எச் என்ற மூன்று தனி எழுத்துகள். ஆகவே எழுத்தெழுத்தாக அசை என்று சொன்னால் மென்பொருள் அந்த மூன்றையும் மூன்று எழுத்தாகவே அசைக்கும். கொம்பும் அரவும் ககரத்துக்குச் சொந்தமென்று அதற்குத் தெரிய வழியே இல்லை. புரொஜெக்ட் பைலை ரொறன்ரோவில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி, அவருடைய கணினியில் பாமினி இல்லாவிட்டால் அவர் காண்பது ஆங்கில எழுத்துக் குவியல்தான்.

இதற்கு மாற்று யூனிக்கோட், அதாவது உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனிக் குறியெண் கொடுக்கும் பொது முறை. 1991இல் வந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. அதில் தட்டினால் ககரம் ககரமாகவும் ஒகரக் குறி ஒகரக் குறியாகவும் பதிவாகிறது. கொம்பை இடப்பக்கமும் அரவை வலப்பக்கமும் வைத்து வரைவது எழுத்துருவும், எழுத்தைத் திரையில் அடுக்கும் மென்பொருட் பகுதியான எழுத்து இயந்திரமும் சேர்ந்து செய்யும் வேலை. பழைய பாமினி உரைகளை மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒரு தடவை வாசித்துப் பார்க்க வேண்டும். ஔகாரக் குறியின் வலப்பாதியும் ளகரமும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் 'கௌரி' போன்ற பெயர்களில் ளகரம் புகுந்துவிடும். திரையில் வித்தியாசம் தெரியாது, அசைக்கும்போது ளகரம் தனியே கழன்று வரும். எழுத்துருவுக்கும் பஞ்சமில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரான், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பாலு தம்பி, மீரா இனிமை, பவனம் எல்லாம் திறந்த உரிமத்தில் கூகிள் ஃபொண்ட்ஸில் இருக்கின்றன. வணிக வேலைக்கும் தடையில்லை.

யூனிக்கோடுக்கு மாறியும் கொம்பு இடம் மாறி நிற்கிறதென்றால் எழுத்து இயந்திரத்தைப் பார்க்க வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் பிரிஃபரன்சஸ், அதற்குள் டைப், அங்கே டெக்ஸ்ட் எஞ்சின் என்ற தெரிவு வரும். இலத்தீன் என்று இருந்தால் தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கான தெரிவுக்கு மாற்றுங்கள். பதிப்பைப் பொறுத்து இந்தத் தெரிவின் இடமும் பெயரும் வேறுபடலாம். மாற்றிய பின் பழைய எழுத்து லேயரை (அடுக்கை) அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கித் தட்டுவது நல்லது. பழைய லேயர் பழைய இயந்திரத்தின் பழக்கத்தைச் சுமந்துகொண்டிருக்கும். வீடியோ தொகுக்கும் பிரிமியரிலும் இதே தெரிவை தனியே மாற்ற வேண்டும். ஒன்றில் மாற்றி மற்றதை மறந்தால், ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் சரியாக இருந்த பெயரட்டை பிரிமியரில் திறந்ததும் உடையும். சோதிப்பதற்கு 'கொ, கோ, கௌ, ணை, ஸ்ரீ, க்ஷ' என்று ஒரு வரி தட்டினாற் போதும். இந்த ஆறும் சரியென்றால் மற்றதெல்லாம் சரியாக வரும்.

இனி ரெம்பிளேற்றுகள். விலைக்கு வாங்குவதும் இலவசமாக இறக்குவதும் பெரும்பாலும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றுக்குள் தமிழைக் கொட்டும்போது நான்கு இடத்தில் அடிபடும். எழுத்திடைவெளி 100, 200 என்று வைத்திருப்பார்கள். ஆங்கிலத்துக்கு அது கம்பீரம். தமிழில் 'யாழ்' என்ற சொல்லின் அரவு யகரத்தை விட்டு விலகிப் போய் நடுவில் நிற்கும். டிராக்கிங் என்ற அந்த இடைவெளியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். அகலம் வேண்டுமானால் எழுத்தின் அளவைக் கூட்டலாம். அடுத்தது போலித் தடிப்பு. எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லாதபோது மென்பொருள் தானே கரையைத் தடிக்க வைக்கும், ழகரத்தின் சுழியும் ஞகரத்தின் உள் இடைவெளியும் அடைபட்டுப் போகும். உண்மையான தடித்த வடிவம் உள்ள எழுத்துருவைத் தெரிவு செய்தால் இந்தச் சிக்கலே இல்லை. மூன்றாவது வரி இடைவெளி. ஆங்கிலத்தில் மேல்வரியும் கீழ்வரியும் நெருங்கி நிற்கலாம். தமிழில் 'மூ', 'கூ' கீழே இறங்கும், 'தீ', 'கீ' மேலே ஏறும். இரண்டு வரியும் நடுவில் முட்டிக்கொள்ளும். எழுத்தின் அளவு 60 என்றால் வரி இடைவெளி 80க்குக் குறையாமல் இருக்கட்டும்.

நாலாவதுதான் ஆகப் பெரியது. எழுத்து அசைப்பானில் ரேஞ்ச் செலக்டர் என்ற பகுதி உண்டு. அதன் அட்வான்ஸ்ட் பிரிவைத் திறந்தால் 'பேஸ்ட் ஒன்' என்றொரு தெரிவு. எழுத்து வாரியாக, இடைவெளி நீங்கலான எழுத்து வாரியாக, சொல் வாரியாக, வரி வாரியாக என்று நான்கு வகை அதில் இருக்கும். ரெம்பிளேற்றுகளில் அநேகமாக எழுத்து வாரியாகத்தான் இருக்கும். அதைச் சொல் வாரியாக மாற்றுங்கள். என் தொழில்முறைக் கணிப்பில் தமிழுக்குச் சொல் வாரி அசைவே வடிவானதும் பாதுகாப்பானதும். 'யாழ்ப்பாணம்' என்ற சொல்லில் கண்ணுக்கு ஆறு எழுத்துகள். யூனிக்கோட்டில் பதினொரு குறிகள். அசைவு எதை எண்ணுகிறது என்று தெரியாமல் எழுத்து வாரியாக விட்டால் பகரமும் குற்றும் (மேற்புள்ளியும்) இரு வேறு நேரத்தில் வந்து சேரக்கூடும். எழுத்து வாரியாகத்தான் வேண்டுமென்று பிடிவாதமாக இருந்தால் பேஜ் டவுன் விசையை அழுத்தி ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு தனிப்படமாகப் பாருங்கள். ஓட்டிப் பார்த்தால் கண் ஏமாறும்.

தட்டச்சு செய்வதுபோல எழுத்து வருவதை எக்ஸ்பிரஷன் என்ற சிறு நிரல் எழுதிச் செய்வோரும் உண்டு. சொல்லை வெட்டி முதற் குறி, இரண்டாம் குறி என்று கூட்டிக்கொண்டு போகும் வழி அது. தமிழில் இது ஒரு புதுத் தொல்லையைத் தரும். முதலில் 'க' தோன்றும். அடுத்த குறி சேர்ந்ததும் அது 'கொ' ஆகும்போது கொம்பு இடப்பக்கம் நுழைவதால் ககரம் வலப்பக்கம் துள்ளும். வரி முழுக்க இப்படித் துள்ளிக்கொண்டே போகும். மெய்யையும் அதைத் தொடரும் குறிகளையும் ஒரே துண்டாகப் பிடிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற தேடல் விதியால் சொல்லைப் பிரித்தால் இது நின்றுவிடும். யூனிக்கோட் அட்டவணையில் அரவிலிருந்து குற்று வரையான குறிகள் ஒரே தொடரில் இருப்பதால் அந்த வீச்சைக் கொடுப்பது சுலபம். 'ஸ்ரீ', 'க்ஷ' இரண்டையும் மட்டும் விதிவிலக்காகச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கோயில் பெயரின் தொடக்கத்திலேயே 'ஸ்' தனியாக வந்து, பிறகு உருமாறி 'ஸ்ரீ' ஆகும். இவ்வளவு சிரமம் வேண்டாம் என்போருக்கு வரியை ஒரு பக்கத்திலிருந்து திறந்து காட்டும் லீனியர் வைப் என்ற விளைவு போதும். கோணம் மறை 90, கம்பிளீஷன் 100இலிருந்து 0க்கு, விளிம்பு மென்மை 30 அளவில். எந்த எழுத்தும் உடையாமல் இடமிருந்து வலமாக வரி திறக்கும்.

கையால் எழுதுவதுபோல எழுத்து வளரும் அசைவைக் கலியாண வீடியோக்களில் எல்லோரும் கேட்கிறார்கள். இதில் நடக்கும் தவறு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது. எழுத்திலிருந்து வடிவம் உருவாக்கும் கட்டளையைக் கொடுத்து, அதன்மேல் கோட்டைச் சிறிது சிறிதாக வளரச் செய்யும் டிரிம் பாத்ஸ் போடுகிறார்கள். அந்தக் கட்டளை தருவது எழுத்தின் வெளிக்கரை. கரையை டிரிம் பண்ணினால் கரைதான் சுற்றி வரும், எழுதும் கை வராது. செய்ய வேண்டியது இது. எழுத்து லேயரைப் பூட்டி வைத்துவிட்டு, மேலே ஒரு வடிவ லேயரில் பேனாக் கருவியால் எழுத்தின் நடுத்தண்டு வழியே, பள்ளிக்கூடத்தில் எழுதப் பழக்கிய அதே வரிசையில் பாதை போடுங்கள். நிரப்பு வேண்டாம், கோடு மட்டும். கோட்டின் தடிப்பு எழுத்தின் தண்டைவிட நாலைந்து பிக்சல் கூட இருக்கட்டும், முனை உருண்டையாக இருக்கட்டும். அந்தப் பாதைக்கு டிரிம் பாத்ஸ் போட்டு, எண்ட் அளவை 0இலிருந்து 100க்குக் கொண்டுபோய், அந்த லேயரை எழுத்துக்கு டிராக் மேட்டாகக் கொடுங்கள். கோடு போன இடத்தில் மட்டும் எழுத்து தெரியும். 2022 ஒக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து மேட் லேயர் எங்கே இருந்தாலும் தெரிவு செய்யலாம். அதற்கு முந்திய பதிப்பென்றால் அது எழுத்து லேயருக்கு நேர் மேலே இருக்க வேண்டும்.

தமிழ் எழுத்தின் சுழியும் மடிப்பும் இங்கேதான் சோதனை வைக்கும். ஐ, ஞ, ணை போன்றவற்றில் ஒரு தண்டு இன்னொரு தண்டை உரசிக்கொண்டு போகும். தடித்த கோடு முதல் தண்டை வெளிப்படுத்தும்போது பக்கத்துத் தண்டின் ஒரு துண்டும் சேர்ந்து வெளிப்பட்டுவிடும். இன்னும் எழுதப்படாத இடத்தில் மை சொட்டியதுபோல ஒரு புள்ளி நிற்கும். இதற்கு அந்த எழுத்தை இரண்டு மூன்று துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் அதற்குரிய பாதையை மட்டும் மேட்டாகக் கொடுக்க வேண்டும். நேரமெடுக்கும் வேலைதான். மணமக்களின் இரண்டு பெயருக்கு அரை நாள் போய்விடும். விலை பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள். வாங்குவோரும் அதற்குரிய கூலியைக் கொடுக்கத் தயங்கக்கூடாது.

மரண அறிவித்தல், நினைவஞ்சலி வீடியோக்களில் வேறொரு சங்கடம். பிறப்பிடம், வதிவிடம் என்று பெயர்ப்பகுதி நீளும். பெட்டி ஒரே அளவில் இருப்பதால் பெயர் வெளியே வழியும், அல்லது யாராவது எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கி உள்ளே தள்ளுவார்கள். நசுக்கிய எழுத்தில் ஒருவருடைய பெயரைப் போடுவது மரியாதைக் குறைவு. 'சோர்ஸ் ரெக்ட் அட் டைம்' என்ற எக்ஸ்பிரஷன் எழுத்து லேயரின் இடது, மேல், அகலம், உயரம் நான்கையும் தரும். பெட்டியின் அகலத்தை அதன் அகலத்தோடு இணைத்து இருபுறமும் 40 பிக்சல் சேர்த்தால் பெயர் நீளும்போது பெட்டியும் நீளும். உயரத்தை மட்டும் இணைக்காதீர்கள். 'மகன்' என்று தட்டினால் ஓர் உயரம், 'மூர்த்தி' என்று தட்டினால் இன்னோர் உயரம் என்று அது மாறும். ஒவ்வொரு பெயருக்கும் பெட்டி குதிக்கும். உயரத்தை நிலையாக வையுங்கள். அகலத்துக்கும் ஓர் எல்லை வேண்டும். 1920 பிக்சல் திரையில் 90 வீதம் 1728. பெயர் அதைத் தாண்டினால் எழுத்தின் ஸ்கேல் எல்லையை அகலத்தால் வகுத்த அளவுக்கு, நீள அகலம் இரண்டிலும் சமமாகச் சுருங்கும்படி எழுதலாம். 80 வீதத்துக்கும் கீழே போக வேண்டி வந்தால் இரண்டு வரியாக உடைப்பதே முறை. இந்தக் கணக்கு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தேவையில்லை என்பதால் தொடக்கத்தில் 'போஸ்டரைஸ் டைம்' பூச்சியம் என்று ஒரு வரி சேர்த்தால் றெண்டரும் (இறுதி வீடியோவாக எடுப்பதும்) இலகுவாகும்.

இப்படிச் செய்ததை எசென்ஷியல் கிராபிக்ஸ் பலகை வழியாக மோகர்ட் என்ற ரெம்பிளேற் பைலாக்கி வைத்தால் பிரிமியரில் பெயரை மட்டும் மாற்றி நூறு தடவை பாவிக்கலாம். 2017இல் இருந்து இருக்கும் வசதி இது. ஒன்றை மறக்க வேண்டாம். இந்த மென்பொருள்களின் நிறுவனமான அடோபியின் சொந்த எழுத்துரு அல்லாதவை அந்தப் பைலோடு கூடப் போகா. பாவிக்கும் ஒவ்வொரு கணினியிலும் எழுத்துருவைத் தனியே நிறுவ வேண்டும்.

அசைவின் தரத்துக்கு வருவோம். படமொன்று ஓரிடத்தில் வந்து நின்று, இரண்டு விநாடி இருந்து, பிறகு போக வேண்டும். இருக்கும் அந்த இரண்டு விநாடியில் அது மெல்ல விலகித் திரும்புவதைப் பல வீடியோக்களில் காணலாம். இரு கீஃபிரேமிலும் (இடத்தைக் குறித்து வைக்கும் புள்ளிகளிலும்) இலக்கங்கள் ஒன்றாகத்தான் இருக்கும், ஆனாலும் நகரும். இடப் பாதையைத் தானாக வளைத்து மென்மையாக்கும் வழக்கம் மென்பொருளுக்கு உண்டு. வந்த வேகத்தின் வளைவு நிற்கும் பகுதிக்குள்ளும் கசிவதால் வருவது அது. அந்தக் கீஃபிரேம்களைத் தெரிவு செய்து இட இடைச்செருகலை நேர்கோட்டுக்கு மாற்றினால் நின்றுவிடும். பிரிஃபரன்சஸின் பொதுப் பகுதியில் இதை நிரந்தரமாகவே நேர்கோடாக்கும் தெரிவும் இருக்கிறது. அசைவை மென்மையாக்க எஃப் 9 விசையோடு நிறுத்திக்கொள்வது இன்னொரு பழக்கம். அது தரும் செல்வாக்கு (மென்மை பரவும் அளவு) 33.33 வீதம், எல்லோருடைய வேலையும் ஒரே சாயலில் இருப்பதற்கு அதுவே காரணம். கிராஃப் எடிட்டரில் வேக வரைபைத் திறந்து, வந்து சேரும் பக்கத்துச் செல்வாக்கை 70 அல்லது 80க்கு இழுத்துப் பாருங்கள். பெயரட்டை விரைந்து வந்து மெல்லப் படியும். வருவதற்கு 12 முதல் 15 ஃபிரேம், போவதற்கு 8 முதல் 10 போதும்.

அடியில் ஓடும் செய்தி வரி துடிப்பதற்கும் கணக்கு உண்டு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முழு எண்ணிக்கையான பிக்சல் நகர வேண்டும். நம் நாட்டு ஒளிபரப்பு 25 ஃபிரேம். விநாடிக்கு 100 பிக்சல் என்றால் ஃபிரேமுக்கு நான்கு, வழுக்கிக்கொண்டு ஓடும். அதே வரியை 30 ஃபிரேம் நேரலையில் போட்டால் மூன்றும் சொச்சமும் வரும். எழுத்தின் கரை கூர்மையும் மங்கலுமாக மாறி மாறித் துடிக்கும். 30க்கு 90 அல்லது 120 என்று வையுங்கள். கைத்தொலைபேசியில் எடுத்த காட்சிகளை நேரே உள்ளே எடுக்கவும் வேண்டாம். அவற்றின் ஃபிரேம் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் நாதஸ்வரத்துக்கும் விரலுக்கும் இடையில் இடைவெளி விழும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டுக் கொண்டுவாருங்கள்.

கோயில் சின்னத்தைச் சுற்றிக் கறுப்புக் கரை தெரிவது இன்னொரு பொதுக் குறை. ஒளிபுகு விளிம்புகள் பின்னணி நிறத்தோடு பெருக்கப்பட்டுச் சேமிக்கப்பட்டிருக்கும். மென்பொருள் அதைப் பெருக்கப்படாததாக வாசித்தால் கறுப்பு மிஞ்சும். புரொஜெக்ட் பலகையில் அந்தப் பைலைத் தெரிவு செய்து இன்டர்பிரட் ஃபுட்டேஜ், மெயின் என்று போய், அல்ஃபா என்ற ஒளிபுகு விபரத்தை 'பிரிமல்டிபிளைட்' ஆக்கி நிறத்தைக் கறுப்பு என்று கொடுங்கள். கரை போய்விடும். ஒளிபுகு பின்னணியோடு கொடுக்க வேண்டுமென்றால் புரோரெஸ் 4444 வடிவம் அல்லது ஃபிரேமுக்கு ஒரு படமான பிஎன்ஜி தொடர். வழக்கமாகக் கொடுக்கும் எச் 264 வீடியோ வடிவத்தில் அல்ஃபா நிற்காது. சிவப்பு எழுத்தைப் பச்சையிலோ நீலத்திலோ வைக்கும் பழக்கத்தையும் குறைக்க வேண்டும். எச் 264 வழமையாக நிற விபரத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்தே வைக்கும். வெளிச்ச வேறுபாடு இல்லாத இரு நிறங்கள் சந்திக்கும் கரை அங்கே பிசிறும். மாலைச் சிவப்புப் பின்னணியில் மஞ்சளோ வெள்ளையோ வைத்தால் வட்ஸ்அப்பில் நசுங்கிப் போனாலும் வாசிக்கலாம்.

காவடி ஆடுவோரைப் பின்னணியிலிருந்து பிரிக்க ரோட்டோ பிரஷ் பாவிப்போர், மயிற்பீலியை அதே தூரிகையால் தீட்ட வேண்டாம். உடலுக்கு அது, பீலிக்கு ரிஃபைன் எட்ஜ். முடிந்ததும் ஃப்ரீஸ் அழுத்தாவிட்டால் திறக்கும் ஒவ்வொரு தடவையும் மீண்டும் கணக்கிடும்.

மின்சாரம் போய்வரும் ஊரில் றெண்டர் முறையைப் பற்றிக் கதைக்காமல் விட முடியாது. மூன்று நிமிட வீடியோ 25 ஃபிரேமில் 4500 ஃபிரேம். நேரே எம்.பி.4 ஆக எடுக்கும்போது, எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழமையாகக் கடைசியில்தான் எழுதப்படும். 4400 ஃபிரேம் முடிந்து மின் நின்றால் கையில் இருப்பது திறக்க முடியாத பைல். பிஎன்ஜி தொடராக எடுங்கள். றெண்டர் செட்டிங்கில் 'ஸ்கிப் எக்சிஸ்டிங் பைல்ஸ்' என்ற தெரிவைப் போட்டுவிட்டால், மின் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். தொடருவதற்கு முன் கடைசியாக எழுதப்பட்ட பைல்களை அழித்துவிட வேண்டும். பாதியில் நின்ற பைலும் இருக்கும் பைல்தான் என்று மென்பொருள் அதைத் தாண்டிப் போகும், வீடியோவின் நடுவில் ஒரு ஃபிரேம் பாதி கறுப்பாக மின்னும். 2021 ஒக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து ஒரே நேரத்தில் பல ஃபிரேம்கள் றெண்டராவதால் கடைசி ஒன்றை மட்டும் அழிப்பது போதாது, பத்துப் பதினைந்தை அழியுங்கள். ஒலியைத் தனியே வேவ் பைலாக எடுங்கள். தொடரைத் திரும்ப உள்ளே கொண்டுவரும்போது அதன் வேகம் வழமையாக 30 என்று எடுக்கப்படும். 25க்கு மாற்ற மறந்தால் 180 விநாடி 150 ஆகச் சுருங்கி, ஒலி பின்னால் நிற்கும்.

நினைவகக் கணக்கையும் தெரிந்து வைத்தால் வீண் செலவு குறையும். 1920க்கு 1080 ஃபிரேம் ஒன்று எட்டு பிட் நிற ஆழத்தில் ஏறத்தாழ 8.3 மெகாபைட். பத்து விநாடியை ஓட்டிப் பார்க்க 250 ஃபிரேம், இரண்டு ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். 16 பிட்டில் இரு மடங்கு, 32 பிட்டில் நான்கு மடங்கு, 4கே என்றால் ஒவ்வொன்றும் மறுபடி நான்கு மடங்கு. வானம் போன்ற மெல்லிய நிறமாற்றம் உள்ள பின்னணிகளுக்கு 16 பிட் அவசியம், இல்லாவிட்டால் படிப்படியாக வரி விழும். அது இல்லாத பெயரட்டைக்கு எட்டே போதும்.

கோயில் திருவிழாக்களிலும் கல்லூரி விழாக்களிலும் எல்.இ.டி திரை வைக்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. அங்கே 1920க்கு 1080 என்ற அளவு பொருந்தாது. பிக்சலுக்குப் பிக்சல் 3.91 மில்லிமீற்றர் தள்ளியுள்ள பி 3.91 வகைத் திரையில் அரை மீற்றர்ச் சதுரப் பெட்டி ஒன்றில் 128க்கு 128 பிக்சல். ஆறு மீற்றர் அகலம், மூன்று மீற்றர் உயரமென்றால் பன்னிரண்டுக்கு ஆறு பெட்டி, அதாவது 1536க்கு 768. கொம்போசிஷனை (வேலை செய்யும் திரைச் சட்டத்தை) அந்த அளவிலேயே தொடங்குங்கள். பெரிதாகச் செய்து கொடுத்தால் அவர்கள் நசுக்கிப் போடுவார்கள், சுவாமியின் திருவாசி முட்டை வடிவமாகும். அந்தத் திரையில் மூன்று பிக்சலுக்குக் குறைந்த கோடும் 30 பிக்சலுக்குக் குறைந்த தமிழ் எழுத்தும் வேண்டாம், சுழிகள் அடைபடும். திரை வாடகைக்குக் கொடுப்பவரிடம் முதல் நாளே பிக்சல் எண்ணிக்கையைக் கேட்டு வாங்குவது விழாக் குழுவின் பொறுப்பு.

அடோபி மென்பொருள்களின் மாதச் சந்தாவைக் கட்ட முடியாதோர் திருட்டுப் பிரதிகளை நாடுகிறார்கள். அவற்றில் புதுப்பிப்பு வராததால் எழுத்து இயந்திரத் திருத்தங்களும் வந்து சேர்வதில்லை. வீடியோ தொகுப்பு மென்பொருளான டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்புக்குள் 2018 முதல் அசைவு வரைகலைக்கான ஃபியூஷன் இருக்கிறது. முப்பரிமாண மென்பொருளான ப்ளெண்டர் முழுவதும் இலவசம். ப்ளெண்டரில் தமிழை நேரே தட்டினால் பல பதிப்புகளில் கொம்பு இடம் மாறும். இலவச வரைபட மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் தட்டி, பாதையாக மாற்றி, எஸ்விஜி பைலாக உள்ளே எடுத்தால் சரியாக நிற்கும்.

பயிற்சி நிலையங்களிடம் கேட்பது, பாடத்திட்டத்தில் முதல் வாரமே யூனிக்கோட் தட்டச்சும் எழுத்து இயந்திரமும், கடைசி வாரம் றெண்டரும் அல்ஃபாவும் இடம்பெற வேண்டும் என்பதை. இறுதிச் செயற்றிட்டம் வாங்கிய ரெம்பிளேற்றாக இல்லாமல் மாணவர் தாமே கட்டிய தமிழ்ப் பெயரட்டையாக இருக்கட்டும். வேலை வாங்குவோர், கையில் கொடுக்கும் முன் 'கொ', 'ஸ்ரீ' வரும் பெயர்களை நிறுத்தி நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

தங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். இணையத்தில் வெளியிடும் மரண அறிவித்தல்களும் திருவிழா அறிவித்தல்களும் பெரும்பாலும் படமாகவே வருகின்றன. வீடியோ செய்வோர் அதைப் பார்த்து மறுபடி தட்டும்போதுதான் பெயர்களில் ளகரமும் ழகரமும் மாறுகின்றன, உறவுமுறைகளில் ஒரு வரி விடுபடுகிறது. படத்தின் கீழே அதே வாசகத்தை யூனிக்கோட் எழுத்தாகவும் இட்டுவிட்டால், குடும்பத்தார் சரிபார்த்துக் கொடுத்த பெயர் அப்படியே திரைக்குப் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
அசைவு வரைகலைஞர் ஒருவர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.